மூலிகை லிப்ஸ்டிக்: பிறப்பு வேறு, குணம் வேறு

மூலிகை லிப்ஸ்டிக் பற்றிப் பேச்செடுத்தால் இரண்டு குரல்கள்தான் ஓங்கி ஒலிக்கின்றன. "இதில் ரசாயனமே இல்லை, விழுங்கினாலும் ஒன்றும் ஆகாது" என்கிறது ஒன்று. "எல்லாம் விளம்பரம், உள்ளே இருப்பது வழக்கமான சரக்குதான்" என்கிறது மற்றொன்று. லிப்ஸ்டிக் என்ற அந்தச் சிறு குச்சி எப்படி வேலை செய்கிறது என்ற கேள்வியை இரண்டு தரப்புமே எழுப்புவதில்லை. அது தெரிந்தால்தான், எந்தப் பொருளின் இடத்துக்கு எந்தச் செடி வந்திருக்கிறது, வந்ததால் கிடைத்தது என்ன, இழந்தது என்ன என்று கணக்குப் பார்க்க முடியும்.

நன்றாகச் செய்யப்பட்ட மூலிகை லிப்ஸ்டிக் ஒரு நல்ல பொருள் என்பது என் எண்ணம். அதனால்தான் அதற்கு இல்லாத பெருமையைச் சூட்டுவது எனக்கு வருத்தம் தருகிறது. நாளெல்லாம் நிறம் நிற்கும் என்று நம்பி ஒருவர் வாங்குகிறார். இரண்டு மணி நேரத்தில் அது மங்கியதும் மூலிகை என்ற சொல்லையே வெறுத்து ஒதுக்கிவிடுகிறார். தவறு குச்சியில் இல்லை, அதைப் பற்றிச் சொல்லப்பட்ட கதையில் இருக்கிறது.

மெழுகுவர்த்தியிலிருந்து தொடங்குவோம்

ஒரு மெழுகுவர்த்தியைப் புறங்கையில் தேய்த்துப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு போகும், எதுவும் ஒட்டாது. இப்போது ஒரு சொட்டு எண்ணெயைத் தடவுங்கள். உடனே பரவும், பரவிய இடத்தில் நிற்காமல் வழியும். ஒன்று தன் வடிவத்தைவிட்டு நகர மறுக்கிறது, மற்றொன்றுக்கு வடிவமே இல்லை. லிப்ஸ்டிக் இந்த இரண்டுக்கும் நடுவே பிறந்தது. உறைக்குள் குச்சியாக நிமிர்ந்து நிற்க வேண்டும். உதட்டில் பட்டதும் படலமாக இழைய வேண்டும்.

அதற்காக மெழுகையும் எண்ணெயையும் ஒன்றாக உருக்கி, அச்சில் ஊற்றிக் குளிரவைக்கிறார்கள். குளிரும்போது மெழுகு மிக நுண்ணிய தகடுகளாகப் படிகமாகிறது. அந்தத் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து வலைபோல் பின்னிக்கொள்ள, எண்ணெய் அந்த வலையின் இடுக்குகளில் சிக்கிக்கொள்கிறது. பஞ்சு தண்ணீரைப் பிடித்துவைத்திருப்பது போலத்தான். உதட்டில் தேய்க்கும்போது உராய்வும் உடல் வெப்பமும் சேர்ந்து மேற்புறத்து வலையைக் குலைக்கின்றன. ஒரு மெல்லிய அடுக்கு கழன்று உதட்டில் தங்கிவிடுகிறது. வெயில் நாளில் லிப்ஸ்டிக்கின் மேல் வியர்வைபோல் சிறு துளிகள் அரும்புவதைச் சிலர் கவனித்திருக்கலாம். வலையின் பிடி தளர்ந்து வெளியே கசிந்த எண்ணெய்தான் அது.

எந்த மெழுகு என்பதைப் பொறுத்து வலையின் உறுதி மாறும். தேன்மெழுகு ஏறக்குறைய 62 முதல் 64 டிகிரி செல்சியஸில் உருகும், நெகிழ்வானது. வடக்கு மெக்சிகோவின் வறண்ட நிலத்தில் வளரும் ஒரு புதர்ச்செடியிலிருந்து எடுக்கும் கேண்டலில்லா மெழுகு 70 டிகிரியை ஒட்டி உருகும், பளபளப்புத் தரும். வடகிழக்குப் பிரேசிலின் ஒரு வகைப் பனையின் ஓலையிலிருந்து உதிரும் கார்னோபா மெழுகு 80 டிகிரியைத் தாண்டித்தான் இளகும். அதைக் கொஞ்சமாகச் சேர்த்தாலே குச்சி விறைப்பாகிவிடும். பெட்ரோலியத்திலிருந்து வரும் பாரஃபின் போன்ற மெழுகுகளும் இதே வேலையைத்தான் செய்கின்றன. ஆக, மெழுகைப் பொறுத்தவரை செடி முழுமையான மாற்றாக இருக்க முடியும். கேண்டலில்லாவோ கார்னோபாவோ போட்ட குச்சி பாரஃபின் குச்சிக்கு எந்த வகையிலும் இளைத்ததில்லை.

எண்ணெயிலும் அப்படித்தான். நெடுங்காலமாக லிப்ஸ்டிக்கில் அதிகம் புழங்கும் எண்ணெய்களில் ஒன்று ஆமணக்கு எண்ணெய், அதாவது நம் விளக்கெண்ணெய். அதன் பிசுபிசுப்பும் வண்ணத்துகளைத் தன்னுள் சீராகப் பரத்திவைக்கும் திறனும் மற்ற தாவர எண்ணெய்களுக்கு அவ்வளவாக வாய்க்கவில்லை. 'மூலிகை' என்ற பெயர் இல்லாத பல லிப்ஸ்டிக்குகளிலும் அது இருக்கிறது.

சுருக்கமாக: லிப்ஸ்டிக் என்பது மெழுகு வலைக்குள் சிக்கிய எண்ணெய், அந்த எண்ணெய்க்குள் மிதக்கும் வண்ணம். முதல் இரண்டையும் இயற்கையிடமிருந்து பெறுவது எளிது. சிக்கல் மூன்றாவதில்தான்.

சாயம் வேறு, நிறமி வேறு

இந்த ஒரு வேறுபாடு புரிந்துவிட்டால் மூலிகை லிப்ஸ்டிக்கைப் பற்றிய பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

ஒரு குவளைத் தேநீரையும் ஒரு குவளை வெள்ளத்து நீரையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். இரண்டுக்கும் நிறம் உண்டு. தேநீரில் நிறப்பொருள் நீரில் கரைந்துவிட்டது. எவ்வளவு நேரம் வைத்தாலும் பிரியாது, வடிகட்டினாலும் போகாது. வெள்ளத்து நீரில் மண் கரையவில்லை, தூளாகத் தொங்கிக்கொண்டிருக்கிறது. ஆறவிட்டால் அடியில் படிந்துவிடும். கரைந்து நிறம் தருவது சாயம். கரையாமல் தூளாகவே இருந்து நிறம் தருவது நிறமி.

லிப்ஸ்டிக்குக்குப் பெரும்பாலும் நிறமிதான் வேண்டும். தூள் எண்ணெயில் பரவி, உதட்டின் மேல் ஒரு திரைபோல் படிந்து, உள்ளிருக்கும் தோலின் நிறத்தை மறைக்க வேண்டும். கரையும் சாயமோ கண்ணாடித்தாள்போல் ஒளியை ஊடுருவ விடும். உதட்டின் இயல்பான நிறத்தோடு கலந்துதான் தெரியும்.

செடிகள் தரும் நிறங்களில் பெரும்பகுதி சாயங்கள். அதிலும் மிகப் பல நீரில் கரைபவை. லிப்ஸ்டிக்குக்குள்ளோ நீரே கிடையாது. ஒரு கரண்டி எண்ணெயில் பீட்ரூட் சாற்றை ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். சாறு முத்து முத்தாகத் திரண்டு தனியே உருளும்; எண்ணெய் துளிகூடச் சிவக்காது. வீட்டில் தேன்மெழுகையும் எண்ணெயையும் உருக்கி, பீட்ரூட் சாற்றை ஊற்றி லிப்ஸ்டிக் செய்யும் குறிப்புகள் எவ்வளவோ உலவுகின்றன. செய்துபார்த்தவர்களுக்குத் தெரியும்: ஒரு பக்கம் வெளிறிய மெழுகு, இன்னொரு பக்கம் சிவந்த ஈரப் புள்ளிகள். கைத்திறன் குறைவால் அப்படி ஆவதில்லை; நீரும் எண்ணெயும் சேராது என்பதுதான் காரணம்.

நீரில் கரையும் சாயத்தைக் கரையாத தூளாக மாற்ற ஒரு பழைய வழி இருக்கிறது. சாயக் கரைசலில் அலுமினியம் அல்லது கால்சியம் உப்பைச் சேர்த்தால், சாயமூலக்கூறுகள் அந்த உலோகத்தோடு பிணைந்து அடியில் படிந்துவிடும். வடித்து உலர்த்தினால் நிறமித்தூள் கிடைக்கும். இப்படிப் பிணைத்துப் பெறும் நிறமிக்கு 'லேக்' என்று பெயர். துணிச்சாயம் வெளுக்காமலிருக்கப் படிகாரம் சேர்ப்பதும் இதே அறிவுதான். ஆய்வுக்கூடத்தில் உருவான செயற்கைச் சாயங்களும் லேக்காக்கப்பட்டே லிப்ஸ்டிக்குக்குள் நுழைகின்றன. செடியின் சாயத்தையும் அவ்வாறு மாற்றலாம். அப்படி மாற்றியபின் அது 'மூலிகை'யா, 'ரசாயன'மா என்று என்னைக் கேட்டால், அந்தப் பிரிவினையே அங்கே பொருளிழந்துவிடுகிறது என்றுதான் சொல்வேன்.

செடிகளின் நிறங்கள், அவற்றின் குணங்கள்

நிறம் தரும் செடிகள் ஒவ்வொன்றும் தனித்தனிச் சுபாவம் கொண்டவை. ஒன்றைப் பற்றிச் சொன்னது மற்றொன்றுக்குப் பொருந்தாது. 'தாவர நிறம்' என்று ஒரே சொல்லில் அடக்கிப் பேசுவதால்தான் இத்தனை ஏமாற்றங்கள்.

பீட்ரூட்டின் சிவப்பு பீட்டானின் என்ற பொருளிலிருந்து வருகிறது. பார்க்க அழகு, ஆனால் மென்மையானது. சூட்டிலும் வெளிச்சத்திலும் சிதைந்து பழுப்பாகும். எண்ணெயில் கரையாது. லிப்ஸ்டிக்குக்கு மிகவும் பொருந்தாத நிறத்தைத்தான் மக்கள் முதலில் நினைக்கிறார்கள் என்பது எனக்கு எப்போதும் வியப்பு.

செம்பருத்தியின் சிவப்பு ஆந்தோசயனின் என்ற வகை. எலுமிச்சைச் சாறு பட்டால் பளிச்சென்று சிவக்கும்; சோப்பு நீர் பட்டால் நீலத்தை நோக்கிப் போகும். சுற்றியிருக்கும் அமில-காரத் தன்மைக்கேற்ப அந்த மூலக்கூறின் வடிவமே மாறுகிறது. பூவுக்கு அது சிறப்பு. காலையில் பூசிய நிறமே மாலையிலும் இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கும் உதட்டுக்கு அது தொல்லை.

எண்ணெயோடு இயல்பாக உறவாடும் செடி நிறங்களும் உண்டு. தென் அமெரிக்க வெப்ப நிலங்களைச் சேர்ந்த அன்னாட்டோ மரத்தின் விதைகளைச் சூழ்ந்திருக்கும் செந்நிறப் பூச்சில் பிக்ஸின் என்ற பொருள் இருக்கிறது. அங்கேயுள்ள பழங்குடி மக்கள் நெடுங்காலமாக உடலிலும் முகத்திலும் அதைப் பூசிவந்ததால், 'லிப்ஸ்டிக் மரம்' என்றே அதற்கு ஒரு பெயர் ஏற்பட்டது. எண்ணெயில் அழகாக இறங்கும். ஆனால் அது தருவது ஆரஞ்சு கலந்த சிவப்பு. ஆழ்ந்த சிவப்பு அதிலிருந்து வராது. வெளிச்சத்தில் மெல்ல வெளுக்கவும் செய்யும்.

அல்கானா என்ற செடியின் வேர்ப்பட்டையை எண்ணெயில் ஊறவைத்தால் எண்ணெய் ஊதா கலந்த சிவப்பாகும். அதில் இருக்கும் அல்கானினுக்கு ஓர் இரட்டைப் பிறவி உண்டு: கிழக்காசியாவின் லித்தோஸ்பெர்மம் வேரிலுள்ள ஷிகோனின். இடது கையும் வலது கையும் போல, இரண்டும் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பங்களான மூலக்கூறுகள். ஷிகோனினின் கதையை நான் யாரிடமும் சொல்லத் தவறுவதில்லை. அந்த வேரில் போதிய நிறம் சேரச் சில ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். 1980களில் ஜப்பானின் மிட்சுய் நிறுவனம் அந்தச் செடியின் உயிரணுக்களை மட்டும் பெரிய தொட்டிகளில் வளர்த்து, சில வாரங்களிலேயே ஷிகோனினைப் பிரித்தெடுத்தது. அது லிப்ஸ்டிக்குக்கு நிறமாகப் போனது. தொட்டியில் வளர்ந்த அந்த நிறம் இயற்கையா, செயற்கையா? மூலக்கூறு வேரில் இருந்ததுதான். அதை உண்டாக்கியதும் செடியின் உயிரணுதான். வயல் மட்டும் இல்லை.

அதே ஜப்பானில் அதற்கு வெகுகாலம் முன்பே குசும்பப் பூவின் இதழ்களிலிருந்து 'பெனி' என்ற உதட்டுச்சாயம் செய்தார்கள். குசும்பப்பூவில் மஞ்சளும் சிவப்பும் கலந்திருக்கும். மஞ்சள் நீரில் கரைவதால் முதலில் அலசி அதை வெளியேற்றிவிடுவார்கள். எஞ்சிய இதழிலிருந்து சிவப்பைக் காரநீரில் இறக்கி, பின் அமிலம் சேர்த்துப் படியவைப்பார்கள். கிடைப்பது மிகக் கொஞ்சம். கலப்பில்லாமல் உலர்ந்தால் பச்சையாக மினுங்கும், ஈரத்தூரிகை பட்டதும் சிவப்பாகும். மெழுகுக் குச்சி எதுவும் இல்லாத, முழுக்கத் தாவரமான உதட்டுச்சாயம் அது. காரமும் அமிலமும் இல்லாமல் அதுவும் பிறக்கவில்லை.

இதுவரை பார்த்ததன் சாரம்: செடியின் நிறம் லிப்ஸ்டிக்குக்கு உதவுமா என்பதை இரண்டு கேள்விகள் முடிவு செய்கின்றன. எண்ணெயோடு சேருமா, அல்லது கரையாத தூளாக மாற்ற முடியுமா? சூட்டையும் வெளிச்சத்தையும் தாங்குமா? இரண்டுக்கும் 'ஆம்' சொல்லும் தாவர நிறங்கள் சில மட்டுமே. மூலிகை லிப்ஸ்டிக்குகளில் இளஞ்சிவப்பும் செம்பழுப்பும் மிகுந்து, பளீரென்ற நிறங்கள் அரிதாக இருப்பதற்கு இதுவே காரணம்.

அழுத்தமான சிவப்பைத் தரும் பூச்சி

இயற்கையான அழுத்தச் சிவப்பு வேண்டுமென்றால் தயாரிப்பாளர்கள் பெரும்பாலும் நாடுவது கார்மைனை. அது செடியிலிருந்து வருவதில்லை. சப்பாத்திக்கள்ளியின் மேல் ஒட்டி வாழும் கொச்சினீல் என்ற சிறு பூச்சியைச் சேகரித்து உலர்த்தி எடுக்கிறார்கள். ஒரு கிலோ உலர்ந்த கொச்சினீலுக்கு ஏறத்தாழ ஒன்றரை லட்சம் பூச்சிகள் தேவை. அவற்றின் எடையில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு கார்மினிக் அமிலம். அதை அலுமினியம், கால்சியத்தோடு பிணைத்து லேக்காக்கினால் கார்மைன். சூடு, வெளிச்சம் இரண்டையும் நன்றாகத் தாங்கும்; நிறமும் ஆழமானது.

ஆக 'இயற்கை' என்ற சொல் 'சைவம்' என்பதைக் குறிக்காது. உயிர்க்கொலையைத் தவிர்க்க விரும்பி மூலிகை லிப்ஸ்டிக்கைத் தேடுகிறவர் இதைக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும்; தேன்மெழுகும் தேனீயிடமிருந்து வருவதே. கார்மைன் சிலருக்குக் கடும் ஒவ்வாமையையும் தரும். அதனால்தான் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாக அமைப்பு, உணவிலும் அழகுப்பொருட்களிலும் கார்மைன் இருந்தால் அதன் பெயரையே வெளிப்படையாக அச்சிட வேண்டும் என்று 2009இல் விதி வகுத்தது; 2011 ஜனவரியில் அது நடைமுறைக்கு வந்தது.

மண்ணின் நிறமும் ஈயமும்

செம்மண்ணுக்கும் இரும்புத்துருவுக்கும் நிறம் கொடுப்பது இரும்பு ஆக்சைடு. சிவப்பு, மஞ்சள், கறுப்பு என மூன்று நிறங்களில் கிடைக்கும். வெளுக்காது, கரையாது, சாதுவானது. மூலிகை லிப்ஸ்டிக்குகளின் பழுப்புச் சிவப்புக்குப் பின்னால் பெரும்பாலும் இதுதான் இருக்கிறது.

பலரும் எதிர்பாராத ஒரு செய்தி இதில் உண்டு. மண்ணிலிருந்து நேராகத் தோண்டிய இரும்பு ஆக்சைடில் ஈயம், ஆர்செனிக் போன்றவை கலந்திருக்க வாய்ப்புண்டு. ஆகவே அழகுப்பொருட்களில் பயன்படுவது தொழிற்சாலையில் தூய்மையாகத் தயாரித்த இரும்பு ஆக்சைடு. அமெரிக்க விதி செயற்கையாகத் தயாரித்ததை மட்டுமே அனுமதிக்கிறது. இங்கே தூய்மை செயற்கையின் பக்கம் இருக்கிறது.

லிப்ஸ்டிக்கில் ஈயம் என்ற அச்சம் எங்கும் பரவியிருப்பதால் இதைச் சற்று நின்று சொல்கிறேன். ஈயத்தை யாரும் வேண்டுமென்று சேர்ப்பதில்லை. கனிமப் பொருட்களோடு சுவடாக ஒட்டிக்கொண்டு வருகிறது. அமெரிக்க அமைப்பு 400 லிப்ஸ்டிக்குகளைச் சோதித்தபோது சராசரியாகப் பத்து லட்சத்தில் 1.11 பங்கும், மிக அதிகமாக 7.19 பங்கும் ஈயம் இருந்தது. பத்து லட்சத்தில் 10 பங்கைத் தாண்டக்கூடாது என்று 2016இல் அது பரிந்துரை வெளியிட்டது. கனிம நிறமி சேர்ந்த மூலிகை லிப்ஸ்டிக்குக்கும் இதே கவலை பொருந்தும். தங்க மோதிரத்தை லிப்ஸ்டிக்கில் தேய்த்தால் கறுத்த கோடு விழும், விழுந்தால் ஈயம் என்று ஒரு செய்தி ஆண்டுக்கணக்கில் சுற்றி வருகிறது. அது உண்மையல்ல. மெழுகுப் பரப்பில் உலோகத்தைத் தேய்த்தால் ஈயம் இல்லாமலே கறுத்த கோடு விழக்கூடும். ஈயத்தைக் கண்டறிய ஆய்வுக்கூடம்தான் வழி.

உதட்டின் தோல்

உதட்டுத்தோல் மற்ற இடத்துத் தோலைப்போல் இல்லை. அதன் மேலடுக்கு மிக மெல்லியது. உள்ளே ஓடும் ரத்தம் தெரிவதால்தான் உதடு சிவந்திருக்கிறது. அங்கே வியர்வைச் சுரப்பியும் மயிர்க்காலும் இல்லை. ஈரம் எளிதில் வெளியேறி உலர்ந்துவிடும். மேலே மெழுகும் எண்ணெயும் படலமாக இருந்தால் ஈரம் தங்கும். 'ஊட்டம்' என்று விளம்பரங்கள் சொல்வதில் பெரும்பகுதி இந்த மூடித்தடுக்கும் வேலைதான். அதைத் தேன்மெழுகு நன்றாகச் செய்கிறது. பெட்ரோலியம் ஜெல்லி இன்னும் நன்றாகவே செய்கிறது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும்.

பூசியதில் ஒரு பகுதி வயிற்றுக்குள் போகும், அதை மறுப்பதற்கில்லை. ஒரு பெண் வாழ்நாளில் கிலோக்கணக்கில் லிப்ஸ்டிக்கை விழுங்குகிறாள் என்று சொல்லப்படுவதைக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஆய்வுகளில் எடுத்துக்கொள்ளும் சராசரிப் பயன்பாடு நாளொன்றுக்குச் சுமார் 24 மில்லிகிராம். பூசியது முழுவதும் உள்ளே போனாலும் ஆண்டுக்கு 9 கிராமுக்குக் கீழே. ஐம்பது ஆண்டுகளுக்கு அரைக் கிலோகூட வராது. அளவு சிறிது, அச்சுறுத்தும் கதை பெரிது. ஆயினும் நாள்தோறும் வாய்க்குள் போகும் ஒரு பொருளில் என்ன இருக்கிறது என்று கேட்பது முழுக்க நியாயமான கேள்வி. மூலிகை லிப்ஸ்டிக்கின் மேல் மக்களுக்கு இருக்கும் ஈர்ப்பை இங்கேதான் நான் புரிந்துகொள்கிறேன்.

"ரசாயனம் இல்லாதது"

தண்ணீரும் ஒரு ரசாயனப் பொருள்தான் என்பது பலமுறை சொல்லப்பட்ட பதில். இதைவிடத் தெளிவான பதில் லிப்ஸ்டிக்குக்குள்ளேயே இருக்கிறது. ஆமணக்கு விதையில் ரிசின் என்ற கொடிய நஞ்சு உண்டு. அதே விதையிலிருந்துதான் உதட்டுக்கு இதமான எண்ணெயும் வருகிறது. ரிசின் நீரில் கரையும் புரதம். எண்ணெயில் இறங்காமல் பிண்ணாக்கிலேயே தங்கிவிடுகிறது. ஒரே செடியின் ஒரே விதை ஒன்றை மருந்தாகவும் ஒன்றை நஞ்சாகவும் வைத்திருக்கிறது. எங்கிருந்து வந்தது என்பது பிறப்பைச் சொல்லும். உதட்டில் என்ன செய்யும் என்பது அதன் குணத்தையும் அளவையும் தூய்மையையும் பொறுத்தது.

செயற்கைச் சாயங்கள்மேல் எழும் ஐயம் வெறும் கற்பனை என்றும் சொல்லிவிட முடியாது. விலங்குச் சோதனைகளில் எலிகளுக்குத் தைராய்டு கட்டிகள் தோன்றியதால் 'ரெட் 3' என்ற சாயத்தை அழகுப்பொருட்களில் பயன்படுத்த 1990இல் அமெரிக்கா தடை விதித்தது. சாயங்களைத் தனித்தனியாகச் சோதித்து, தவறியதை நீக்கும் முறை இருப்பதையும் அதே நிகழ்ச்சி காட்டுகிறது. செடியிலிருந்து வந்த நிறத்துக்கும் அங்கே விலக்கு இல்லை. அதுவும் அனுமதிப் பட்டியலில் இடம்பெற்றாக வேண்டும்.

கெட்டுப்போவதில் இரண்டு வகை

ஈரமான பண்டத்தில் பூஞ்சை பிடிக்கும். நாட்பட்ட எண்ணெய் காறல் வாடை வீசும். இரண்டையும் 'கெட்டுப்போயிற்று' என்றே சொல்கிறோம், ஆனால் காரணங்கள் வேறு. முதலாவது நுண்ணுயிர்களின் வேலை. அதைத் தடுப்பது பதனப்பொருள். பாராபென்கள் அந்த வகை. இரண்டாவது காற்றிலுள்ள ஆக்சிஜனின் வேலை. அதைத் தாமதப்படுத்துவது ஆக்சிஜனேற்றத் தடுப்பான். வைட்டமின் ஈ அந்த வகை.

நுண்ணுயிர் வளர நீர் வேண்டும். லிப்ஸ்டிக்கில் நீர் இல்லாததால் அந்த அபாயம் குறைவு. 'பாராபென் இல்லாதது' என்ற வாசகம் முகக்குழம்பில் பெரிய செய்தி. லிப்ஸ்டிக்கில் அவ்வளவு பெரிய செய்தி இல்லை. ஆனால் சாறும் கஷாயமும் ஊற்றி வீட்டில் செய்யும் மூலிகை லிப்ஸ்டிக்குக்குள் நீர் புகுந்துவிடுகிறது. பாதுகாப்புத் தேடிச் செய்தது சில நாட்களில் பூஞ்சைக்கு இடமாகிவிடும். வீட்டில் செய்ய விரும்புகிறவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றே: ஒரு துளி நீரும் சேர்க்காதீர்கள். எண்ணெயில் கரையும் நிறத்தையோ, உதட்டுக்கென்று அனுமதிக்கப்பட்ட தூள் நிறமியையோ பயன்படுத்துங்கள்.

செயற்கைப் பொருட்களைவிடத் தாவர எண்ணெய்கள் ஆக்சிஜனுக்கு எளிதில் இரையாகும். மூலிகை லிப்ஸ்டிக்கின் ஆயுள் குறைவு என்பது அதன் இயல்பு. குறை என்று நான் கருதவில்லை.

ஒவ்வாமை என்னும் தனி விஷயம்

இயற்கை என்றால் உடம்பு ஏற்றுக்கொள்ளும் என்ற நம்பிக்கைதான் மிகவும் ஆபத்தானது. மணத்துக்காகச் சேர்க்கும் இலவங்கப்பட்டை எண்ணெய், புதினா எண்ணெய் ஆகியவை உதட்டை எரிச்சலூட்டக்கூடும். எலுமிச்சை வகை எண்ணெய்களிலுள்ள லிமோனீன் காற்றுப்பட்டு மாறியபின் ஒவ்வாமை தரலாம். அரிதாக, ஆமணக்கு எண்ணெயே சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. செயற்கைச் சாயங்களிலும் ஒவ்வாமை தருபவை உண்டு. எது யாருக்கு ஒவ்வாது என்பதை, அது எங்கிருந்து வந்தது என்பது தீர்மானிப்பதில்லை. புதிதாக வாங்கியதை முழங்கையின் உட்புறத்தில் கொஞ்சம் தடவி ஓரிரு நாள் பார்ப்பது எந்த வகை லிப்ஸ்டிக்குக்கும் பொருந்தும் வழக்கம்.

ஏன் சீக்கிரம் அழிகிறது

நாள் முழுதும் நிற்கும் திரவ லிப்ஸ்டிக்குகள் நகப்பூச்சைப் போல வேலை செய்கின்றன. அவற்றில் சிலிகோன் பிசினை ஆவியாகும் ஒரு திரவத்தில் கரைத்திருப்பார்கள். பூசியதும் திரவம் பறந்துவிட, பிசின் நிறமியைப் பிடித்துக்கொண்டு உலர்ந்த படலமாகிறது. நீராலும் எண்ணெயாலும் எளிதில் அசையாது. செடியிலிருந்து இதற்கு இணையாக ஒன்று இன்னும் பரவலாகக் கிடைக்கவில்லை. மெழுகும் எண்ணெயும் மட்டுமே உள்ள குச்சி எதையாவது உண்டாலே கரைந்து போகும். மூலிகை லிப்ஸ்டிக்கும் '16 மணி நேரம்' என்ற வாக்குறுதியும் ஒரே உறையில் இருந்தால், பொருட்பட்டியலை நிதானமாகப் படியுங்கள்.

பொருட்பட்டியலைப் படிக்கும் விதம்

'மூலிகை', 'இயற்கை' ஆகிய சொற்களுக்கு எல்லா நாடுகளும் ஏற்றுக்கொண்ட சட்ட வரையறை கிடையாது. அமெரிக்க அமைப்பு அழகுப்பொருட்களுக்கு 'இயற்கை' என்ற சொல்லை வரையறுக்கவே இல்லை. ஆகவே முகப்பில் உள்ள இலைப் படத்தைவிடப் பின்புறத்துச் சிறிய எழுத்துகள் அதிகம் பேசும்.

பல நாடுகளில் நிறங்களுக்கு ஐந்து இலக்க வண்ணக் குறியீட்டு எண்கள் அச்சாகின்றன. 75இல் தொடங்கினால் உயிரினத்திலிருந்து வந்த நிறம்: 75470 கார்மைன், 75120 அன்னாட்டோ. 77இல் தொடங்கினால் கனிமம்: 77491 சிவப்பு இரும்பு ஆக்சைடு, 77891 வெண்மை தரும் டைட்டானியம் டை ஆக்சைடு. 15850 போன்ற எண்கள் செயற்கைச் சாயங்கள்.

ஓர் எண்ணைத் தனியே நினைவில் வையுங்கள்: 45410. பச்சையாகவோ கண்ணாடிபோலவோ தோன்றி, உதட்டில் பட்டதும் இளஞ்சிவப்பாக மாறும் கற்றாழை லிப்ஸ்டிக்குகளைப் பார்த்திருப்பீர்கள். சிலவற்றுக்குள் உலர்ந்த பூகூட இருக்கும். அந்த மாயத்தைக் கற்றாழையோ பூவோ செய்வதில்லை. குச்சிக்குள் நிறமற்று இருந்து, உதட்டின் ஈரமும் அமில-காரத் தன்மையும் பட்டவுடன் சிவக்கும் செயற்கைச் சாயம் ஒன்று அதைச் செய்கிறது. அந்தச் சாயத்தின் எண்தான் 45410. அனுமதிக்கப்பட்ட சாயம், அதில் குற்றமில்லை. ஆனால் அதைக் கற்றாழையின் புகழாக விற்பது எனக்கு ஒப்பவில்லை.

மினுமினுப்புக்காகச் சேர்க்கும் மைக்கா, அதாவது காக்காப்பொன், இயற்கைக் கனிமம். அதைத் தோண்டும் சில இடங்களில் குழந்தைகள் உழைக்க நேர்ந்தது உலகறிந்த துயரம். உலையில் உருவாக்கும் செயற்கை மைக்காவைச் சில நிறுவனங்கள் தேர்ந்தெடுப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

கடைசியாக உறையில் திறந்த ஜாடி போன்ற சிறு படத்தைத் தேடுங்கள். அதன்மேல் உள்ள 6 அல்லது 12 என்ற எண், திறந்தபின் எத்தனை மாதம் வைத்துப் பயன்படுத்தலாம் என்பதைச் சொல்லும். மூலிகை லிப்ஸ்டிக்கை வெயிலும் சூடும் படாத இடத்தில் வையுங்கள். பூசுமுன் ஒருமுறை முகர்ந்து பாருங்கள். பழைய எண்ணெயின் காறல் வாடை வந்தால், ஜாடியில் மாதம் மீதமிருந்தாலும் அந்தக் குச்சியை எடுத்துப் போட்டுவிடுங்கள்.